சாவியைக் கொடுக்க மறுத்த தணிகாசலம்

கடந்த செவ்வாய் காலை, காட்டுப்பாக்கத்தில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி அம்மாள் அழைத்தார். “சார், அவுரு பூட்டாரு” என்றார். சென்னைப் பாடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அவருடைய கணவர் தணிகாசலம், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். நோயால் அல்ல, அடிபட்டு.

ஆறு வருடங்களுக்கு முன் என் பழைய காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் சிவப்புவரை ஏறும், சட்டென்று இறங்கும். இரண்டு இடங்களில் சென்சார் மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை. தணிகாசலத்தின் ஷெட்டில் நானே அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஓடிவந்து என்னைக் கீழே தள்ளினார். என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. எழுந்த வேகத்தில் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அடுத்த கணம் மூடி தெறித்தது. கொதிநீர் அவர் முழங்கையில் கொட்டித் தோல் உரிந்தது.

குழாயில் கையைக் காட்டியபடி சொன்னார்: “உன் மூஞ்சி வெந்திருக்கும் சார். அறை வாங்குனா இன்னா இப்போ?”

எஞ்சின் ஆறியதும், கட்டுப்போட்ட கையோடு அவரே பார்த்தார். “வாட்டர் பம்ப் ஒழுகுது. தண்ணி கொறஞ்சி காத்து பூந்துகினு கீது. அதான் முள்ளு ஆடுது. முள்ளு மேல தப்பில்ல.”

அவர் கோபக்காரர். கெட்ட வார்த்தை தாராளமாக வரும், எனக்கும் கிடைத்திருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய சனிக்கிழமை ஆயில் மாற்ற அவர் ஷெட்டுக்குப் போயிருந்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருப்பதி கிளம்பிய ஒருவர், முள் ஆடுகிறது என்று காரைக் கொண்டுவந்தார். ரேடியேட்டருக்குள் குமிழி குமிழியாகப் பொங்கியது.

“ஹெட் கேஸ்கட் பூடுச்சி, எஞ்சின் சூடேறி நின்னுடும். திருவள்ளூர் கூட தாண்டாது. லாரி வர்ற ரோட்டுல புள்ளைங்கள வச்சிகினு நிப்பியா?” என்று சாவியை எடுத்துக்கொண்டார் தணிகாசலம்.

“என் வண்டி. சாவியக் குடுடா!”

“தர மாட்டேன். பஸ்ல போ.”

அந்த ஆள் அங்கே கிடந்த இரும்பு ஜாக்கி ராடைத் தூக்கினார். முதல் அடி தோளில். இரண்டாவது மண்டையில். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் அலறினார்கள். நான் பாய்ந்து பிடித்தபோது மூன்றாவது அடிக்கு ஓங்கியிருந்தார். போலீஸ் அந்த ஆளைக் கொண்டுபோனது. தணிகாசலம் கண் விழிக்கவே இல்லை.

தகனம் முடிந்த மறுநாள், அந்த ஆளின் மனைவி காரைக் கேட்டுப் பிள்ளைகளோடு ஷெட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றார். மகேஸ்வரி அம்மாள் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். அவரிடம் நீட்டினார்.

“எடுத்துகினு போம்மா. ஆனா ஸ்டார்ட் பண்ணாத. கட்டி இழுத்துகினு போ. புள்ளைங்கள அதுல ஏத்தாத.”

வேன் ஒன்று காரை இழுத்துப் போயிற்று. பின்னால் அந்தப் பெண் இரு பிள்ளைகளையும் கைப்பிடித்து நடந்து போனார்.

பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், தணிகாசலம். நீங்கள் போய் வாருங்கள்.