கொளுத்தாத சோகை

கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியதும் கழனியில் கிடக்கும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தாமல் விட்டால், கிளியனூர்ப் பக்கம் அந்த வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். நான் கொளுத்தாமல் பரப்பி விட்டேன். போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "ஊட்ல யாருக்கனா ஒடம்பு முடியலயா?" என்று விசாரித்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்றதும் எனக்குச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினார்கள். பாம்பு வரும், எலி வரும் என்றார்கள். மண்புழு வரும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

ஒரு மழைக்குப் பிறகு அடிச்சோகையைப் புரட்டினேன். கறுத்து, வெள்ளைப் பூஞ்சை ஓடி, கையில் எடுத்ததும் பொடிந்தது. காற்றிலிருந்து கரும்பு இழுத்த கார்பன் என்கிற கரியில் கொஞ்சம் இப்படித்தான் மண்ணில் தங்குகிறது. அதைக் கொளுத்தி மறுபடியும் காற்றுக்கே அனுப்புவதற்கு எங்கள் ஊரில் சுத்தம் என்று பெயர்.

மண்ணில் கரி சேர்ப்பது பற்றி விழுப்புரத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், என் கழனி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கழனிக்காரர் கையில் தீப்பெட்டியோடு, பெரிய மொய் எழுதியவரைப் போல வரப்பில் நின்றார்.

"நீ டிரெயினிங்கு அது இதுன்னு போய்க்கினு இருக்கியே, பாவம்னு நானே கொளுத்திட்டேன்பா. இன்னா சொன்னாங்க அங்க?"

"சோகையக் கொளுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கண்ணே."

அவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேள, அதுக்குள்ள கொளுத்திட்டோம்."