எண்ணாமல் விட்ட சுற்றுகள்

ஐம்பதுகளில் நான் கிருஷ்ணகிரியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். மாதம் இருமுறை வந்த ஒரு சிறு பத்திரிகைக்குப் புதிய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதியும் வந்தேன். ஒரு தட்டை ஏழு முறை கேட்காமல் பேனாவைத் திறந்ததில்லை. ஒவ்வொரு முறையும் கிராமபோனுக்குப் புது ஊசி. பாட்டு எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேன். பாடுகிறவர் எத்தனை இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதும் குறிப்பில் இருக்கும். இவ்வளவையும் எண்ணியவன் ஒன்றை எண்ணாமல் விட்டேன். இந்த வயதில் உறுத்துவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் இல்லாமலில்லை. ஆனாலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தன் ஆர்மோனியத்தோடு பெங்களூர் போய்த் தட்டு பதிந்து வந்திருந்தார். பெரிய கம்பெனி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. தட்டு எனக்குத் தபாலில் வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைக்கோல், மேலே ஒன்பது சுற்றுச் சணல். ஏழு முறை கேட்டேன். எழுதினேன்: குரல் கீச்சென்று இருக்கிறது, யாரோ பின்னால் விரட்டுவதுபோலப் பாடுகிறார், பாட்டு இரண்டு நிமிடம் நாற்பத்திரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது, கேட்பவருக்கு இது போதாது.

இதழ் வெளிவந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய கணவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதானுங்களே பாட்டுக்கு மார்க்கு போடற வாத்தியாரு?"

ஆமாம் என்றேன்.

"எங்க வூட்டுக்காரிக்குக் கீச்சுக் குரலுன்னு போட்டிருக்கீங்க. எங்கம்மா பதினஞ்சு வருசமா அவள ஆம்பளக் குரலுன்னு திட்டிட்டு இருக்காங்க. ரெண்டுல எது நெசமுங்க?"

"தட்டுல இருக்கறதத்தான் நான் எழுத முடியும். நீங்க கேட்டுப் பாக்கலியா?"

"எங்ககிட்ட ஏதுங்க பொட்டி? பதிஞ்ச அன்னிக்கு அங்கயும் திருப்பிப் போட்டுக் காட்டல. அவ கேட்டது நீங்க எழுதினதத்தாங்க. தன் குரல் அப்படித்தான் ஊருக்குக் கேக்குது போலன்னு, அன்னியிலிருந்து வாயத் தொறக்கல. நாளைக்கு வுட்டு அடுத்த ஞாயிறு மாதா கோயில் திருநாளு. கல்யாணமாயி வந்ததுலருந்து அவதான் பாட்டு. இந்த வருசம் முடியாதுன்னு சாமியார்கிட்ட சொல்லிட்டா."

உள்ளே அழைத்து உட்காரவைத்து, சாவி கொடுத்துத் தட்டைப் போட்டேன். அவர் தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார்.

"இது அவ இல்லீங்க," என்றார். "அவ தங்கச்சிகூட இல்லீங்க."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஓசூர்ல ஸ்பிரிங் மாத்திட்டு வந்ததுலருந்து அந்தப் பொட்டி பேய் புடிச்ச மாதிரி சுத்துது. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

ஸ்பிரிங் மாற்றிய பிறகு அதில் ஏறிய முதல் தட்டு இதுதான். ஒரு துண்டுக் காகிதத்தைத் தட்டுக்கு அடியில் பாதி வெளியே தெரியும்படி செருகி, மறுபடி சுற்றவிட்டு, அது என்னைக் கடக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு இருக்க வேண்டும். எண்பத்தொன்பது வந்தது. அந்த வேகத்தில் எந்தக் குரலும் கீச்சென்றுதான் கேட்கும். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் இருக்கும் சிறு நெம்புகோலை அந்த ரிப்பேர்க்காரர் நகர்த்தியிருக்கிறார், நான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. எதிரில் இருக்கும் மனிதர் இதைக் கவனித்திருக்கக் கூடாதே என்ற ஆசைதான். அவர் காகிதத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

அடுத்த பஸ்ஸில் இருவரும் கிளம்பினோம். வேகத்தைச் சரிசெய்து, குலுக்கலில் நெம்புகோல் நகராமலிருக்க அதை நூலால் ஆறு சுற்றுக் கட்டி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வழியில் நான்கு முறை நூலைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த அம்மாள் களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். கோழிகளைக் கன்னடத்தில் விரட்டினார். கணவரைத் தெலுங்கில் கடிந்துகொண்டார். என்னிடம் தமிழில், "வாங்க சார். நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கும். படிச்சவங்க," என்றார். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கனத்த, நிதானமான குரல்.

"தப்பு என்னோடதும்மா. அடுத்த இதழ்ல எழுதறேன். இப்ப எண்ணிக் காட்டறேன்." சொன்னபடி பத்தொன்பது வரி எழுதினேன்; பத்திரிகை ஆசிரியர் நான்கு வரிதான் போட்டார். அந்தக் கோபம் தனி.

"பாட்டப் போட வந்தீங்களா, கணக்குச் சொல்ல வந்தீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

ரெண்டும்தான் என்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். நிமிடம் முடிந்ததும் சொல்லச் சொன்னேன். நான் காகிதத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். பாட்டு ஆரம்பித்தது. மழைக்குக் காத்திருக்கும் தோப்பைப் பற்றிய பாட்டு. ஏழு முறை கேட்டு எழுதிய பாட்டை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். சொற்களுக்கு நடுவில் இடம் இருந்தது. நாற்பத்தொன்றுவரை எண்ணியது நினைவிருக்கிறது. அதன் பிறகு எண்ணவில்லை. நிமிடம் முடிந்ததை அவரும் சொல்லவில்லை. கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

தட்டு நின்றதும், "ஆம்பளக் குரலேதான்," என்றார் கணவர்.

"ஆமா," என்றார் அந்த அம்மாள். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டாவது அடியில, நடுவுல மூச்சு வாங்கறது கேக்குதுங்களே," என்றார்.

கேட்கிறது. என் குறிப்பில் அந்த இடத்துக்கு நேராக ஒரு கோடு இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"திருநாளன்னிக்கு அந்த எடத்துல மூச்சு வாங்கக் கூடாது. இன்னொரு தரம் போடுங்க சார்."

ஊசி மாற்றிப் போட்டேன். இந்த முறை அவரும் கூடவே பாடினார், முதலில் எங்களுக்கே சரியாகக் கேட்காதபடி, பிறகு கோழிகள் விலகிப் போகும்படி. இரண்டாவது அடி வந்தது. தட்டு மூச்சு வாங்கியது. அவர் வாங்கவில்லை.