தாணம்மாள் ஓட்டும் வண்டி

அய்யம்பெருமாளுக்குப் பொறாமைப்பட ஆள் கிடைக்காமல் போனதே கிடையாது. மின்வாரியத்தில் இருந்தபோது தனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவர்களைப் பார்த்து வெந்தார். மச்சினன் கிருஷ்ணமணி மாடி எடுத்துக் கட்டியபோது அந்த மாடியை ஏறிட்டுப் பார்க்க ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் எழுபத்திரண்டு வயதில் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட நேரும் என்று அவர் நினைத்ததில்லை. அதுவும் ஒரு பழைய காரை முன்னிட்டு.

கார் வெள்ளை மாருதி. மகள் தன்யாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் வாங்கியது. தன்யா படித்து, கல்யாணம் ஆகி, பெங்களூருக்குப் போய் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயும் ஆகிவிட்டாள். வண்டி மட்டும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், சாவு விழுந்த துட்டி வீடு என்று எங்கே போனாலும் ஒருநாளும் நடுவழியில் கைவிட்டதில்லை. வண்டிக்கு வயது ஏற ஏற ஊரில் அதற்கு மதிப்பு ஏறியது. அய்யம்பெருமாளுக்கு வயது ஏற ஏற மாத்திரைதான் ஏறியது. இதில் அவருக்கு வண்டி மேலேயே ஒரு கடுப்பு உண்டு.

அந்தக் கடுப்பு முற்றியது போன வருடம். வண்டியின் காகிதங்களைப் புதுப்பிக்கப் போனபோது சோதித்த அதிகாரி பானெட்டைத் தட்டிக்கொடுத்து, இன்னும் அஞ்சு வருசம் ஓடும் என்றார். அதே மாதம் கண் டாக்டர் அய்யம்பெருமாளைச் சோதித்துவிட்டு, இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். வண்டி பாஸ், அவர் ஃபெயில். மகள் போனில் வண்டியை விற்றுவிடச் சொன்னாள். அவரும் சரி என்றார். தனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்பதுதான் அந்தச் சரிக்குப் பொருள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் பெண்டாட்டி தாணம்மாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வடசேரிச் சந்தைக்கென்று பஸ் ஏறிப் போனாள். திரும்பும்போது பையில் கத்திரிக்காயும் சேனையும் இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் பைக்குள்ளிருந்து அவள் எடுத்து மேசையில் வைத்தது டிரைவிங் லைசென்ஸ். அவளுடைய போட்டோ ஒட்டியது.

“அறுவத்தி மூணு வயசுல ஒனக்கு இது எதுக்குட்டி?”

“வண்டிக்கு ஓட்ட ஆளு வேணும்லா.”

அவருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியைக் கிளப்ப ஒரு கைப்பக்குவம் வேண்டும். சோக்கை எவ்வளவு இழுக்கணும், எப்போது விடணும் என்பதெல்லாம் அவர் கைக்கு மட்டுமே தெரிந்தது என்று நினைத்திருந்தார். அவள் திணறும்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று வாசலில் நின்றார். தாணம்மாள் உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள், வண்டி கிளம்பிவிட்டது. வளர்த்த நாய் அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டியது போல இருந்தது அவருக்கு.

அதோடு விட்டதா? தெருவில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும், அண்ணாச்சி என்று கூப்பிட்டு வருகிற குரல், அக்கா என்று மாறிவிட்டது. பெண்கள் நாலு பேர் சேர்ந்து சுசீந்திரத்துக்குப் போய்வந்தார்கள். கோட்டாற்றில் மெக்கானிக் ராஜகுமார் அவர் முகத்துக்கு நேராகவே, அக்கா ஓட்ட ஆரம்பிச்ச பெறவு கிளச்சு தேயதே இல்ல அண்ணாச்சி என்றான். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் ஓட்டும் வண்டியில் இடது பக்கம் உட்காருவதில்லை என்று முடிவு செய்தார். எங்கே போனாலும் பஸ்தான். ஒருதடவை கிருஷ்ணமணி வீட்டுக்கு அவள் காரிலும் அவர் பஸ்ஸிலும் போனார்கள். தாணம்மாள் ஓட்டுவது எப்போதும் நிதானம். பஸ் அவளை முந்த வழியில்லாமல் பின்னாலேயே ஊர்ந்தது. டிரைவர் ஹார்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எவம்ல வண்டிய உருட்டிக்கிட்டுப் போறது என்று வைதார். அய்யம்பெருமாள் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். ஆனாலும் அவள் திட்டு வாங்குவதில் ஒரு சுகம் இருந்தது.

இப்படி இருக்கும்போது கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று குமரிக்கடலில் வந்து உட்கார்ந்தது. இரண்டு நாளாக வடகிழக்கிலிருந்து காற்றும் மழையும். மறுநாள் கிருஷ்ணமணி மகளுக்கு நிச்சயதாம்பூலம், தோவாளைப் பூச்சந்தையில் பூமாலைக்குச் சொல்லியிருந்தது. மழை கொஞ்சம் தாழட்டும், நான் போய் எடுத்துக்கிட்டு வாறேன் என்று தாணம்மாள் தம்பியிடம் போனில் சொன்னாள். பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது அக்காளுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை.

அவள் கொல்லைப்புறத்தில் ஒடிந்து விழுந்த முருங்கைக் கிளையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அய்யம்பெருமாள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். மாலையோடு வந்து நின்றால் போதும். இந்த மழையிலும் போய் வந்தார் என்று ஊர் ஒருமுறை சொல்லட்டும். அதற்குப் பிறகு யார் அந்தச் சாவியைக் கேட்கிறார்கள் பார்ப்போம்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்தது. இரண்டு பக்கமும் வயலெல்லாம் வெள்ளம். வைப்பர் கறக் கறக்கென்று துடைத்தது. வண்டி அவர் சொன்னபடி கேட்டது. கால்வாய்ப் பாலம் தாண்டியதும் இடது பக்கமிருந்து பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஒருத்தர் ரோட்டில் ஏறினார். அய்யம்பெருமாள் பார்க்கவில்லை. பார்த்தபோது சைக்கிள் பம்பருக்கு நேர் முன்னால் இருந்தது. பிரேக்கை மிதித்தார், வண்டி சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். தப்பித்தது அந்த ஆளுக்குத் தெரியாது. சைக்கிள் கண்ணுக்கு மறையும் வரை அய்யம்பெருமாள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆனாலும் திரும்பவில்லை, தோவாளைக்கே விட்டார்.

பூச்சந்தைக்கு வெளியே வண்டியை நிறுத்தும்போது பழக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் மின்வாரியக் காலத்தில், காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழிக் கணவாயில் வேலை பார்த்த மனிதர். கணவாய்க் காற்றில் வண்டியை நிறுத்துகிறவன் அதன் மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்துத்தான் நிறுத்துவான். முதுகைக் காட்டி நிறுத்தினால், கதவைத் திறந்த நொடியில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அந்தக் காற்று ஆடியில் அடிக்கிற வறண்ட காற்று. இது மழையோடு வருகிற கார்த்திகைக் காற்று என்று அவர் யோசிக்கவில்லை. மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மாலை கட்டி முடியவில்லை. டீ குடித்தார், கடைக்காரர் ததேயுஸிடம் தானே ஓட்டிவந்த பெருமையைச் சொன்னார், மழை இன்னும் வலுத்தது. மாலைகளோடு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி செருமியதே தவிரக் கிளம்பவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை. காரணம் அவருக்குத் தெரியும். முன்பக்கக் கிரில் வழியாகச் சாரல் புகுந்து எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்திருக்கும். மூடியைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, திரும்ப மாட்டினால் தீர்ந்தது. கழற்றினார். துடைக்க வேட்டி நுனியைப் பிடித்தால் அதில் தண்ணீர் சொட்டியது. மூடியை மாட்டும் கிளிப் கண்ணுக்கு அகப்படவில்லை. தடவித் தடவிப் பார்த்தார், விரல் நழுவியது. வீட்டில் வைத்துச் சுத்தம் பண்ணும்போது தன் கையால் நூறு தடவை செய்த வேலை.

ததேயுஸ் கேட்காமலேயே தாணம்மாளுக்குப் போன் போட்டுவிட்டார். அய்யம்பெருமாள் கூரைக்குக் கீழே மாலைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குடை மடங்கிப்போயிருந்தது. ஏன் வண்டிய எடுத்திய என்று அவள் கேட்டால் பதிலுக்குப் பாய அவர் தயாராக இருந்தார், அவள் கேட்கவில்லை. சுமைக்காரர்கள் இரண்டு பேரை அழைத்து வண்டியை முதுகு காற்றுக்குப் போகும்படி திருப்பித் தள்ளச் சொன்னாள். கைப்பையிலிருந்து அடுப்பங்கரைக் கைப்பிடித் துணியை எடுத்து மூடிக்குள் துடைத்தாள், மாட்டினாள், ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறாமையில் கண்ணே இருட்டியது.

அவள் இறங்கிவந்து வலது கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க ஓட்டுதியளா?”

இத்தனை பேர் முன்னால் அவள் அப்படிக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை, இருந்தும் கேட்டாள். ஏறி உட்கார்ந்தால் போதும், அவர் மானம் மிஞ்சும். அவருக்குப் பிளாஸ்டிக் சாக்கு ஞாபகம் வந்தது.

“சைக்கிள்ல ஒருத்தன் வந்தான்,” என்றார். “நான் காணல்ல, தாணு.”

வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினார். மாலைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே போனாள். எதிரே ஒரு லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வந்தபோது அய்யம்பெருமாளின் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தன்னாலே தரையை அமுக்கியது. பாதம் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். ரப்பர் விரிப்பு மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து, ஓட்டையாகி, கீழே தகரம் தெரிந்தது. குதிகால் அளவுக்கு. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுவரை இல்லை. தன்யாவும் பின்சீட்டுக்காரி. அவர் காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

“அதுல அமுக்குனா நிக்காது, கேட்டியளா,” என்றாள் தாணம்மாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நானும் ரொம்ப காலம் அமுக்கிப் பாத்தாச்சு.”

சொல்லிவிட்டு வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.