ஆடித் தள்ளுபடி வரட்டும் என்றேன்

1. கன்

ஆம்பூரில் இந்த ஷூ கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி என் கையில் ஸ்டிக்கர் கன்னைக் கொடுத்துவிட்டார். விலைச் சீட்டை அச்சடித்து ஒட்டுகிற கருவி. ஆடி பிறக்க இரண்டு வாரம் இருந்தது. பழைய சீட்டைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் புதுச் சீட்டை ஒட்டச் சொன்னார். பார்த்தால் புது விலை பழையதைவிட ஜாஸ்தி. தள்ளுபடி என்றால் குறையத்தானே வேண்டும் என்று கேட்டேன்.

"ஏத்துனாதாம்மா எறக்க முடியும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒட்டினேன். பத்தொன்பது ஆடிக்கு ஒட்டினேன்.

விலை பெட்டியிலேயே அச்சாகி வராதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சரக்கு, பக்கத்து ஃபேக்டரியில் ஆர்டர் கொடுத்துத் தைத்து வாங்குவது. பெட்டியும் எங்களுடையது, சீட்டும் எங்களுடையது.

2. பதினாலாம் நம்பர்

கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற ஊரில் ஷூவை எடுத்ததும் காலில் போட்டுப் பார்ப்பார்கள். இங்கே பாதிப் பேர் முதலில் உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவுவார்கள். அவர்கள் தைத்ததாகவே இருக்கும்.

தனம் அப்படித்தான் வந்தாள். ஃபேக்டரியில் ஷூவின் மேல்தோலை, அதாவது அப்பரை, தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாள், அலமாரியில் ஒரே ஜோடியை எடுப்பாள். ஆண்கள் ஷூ, ஒன்பதாம் சைஸ், மெத்தென்ற கறுப்புத் தோல். வளைத்துப் பார்ப்பாள், ஷூவின் நாக்கைப் புரட்டிப் பார்ப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். தைக்கிறவர்கள் நாக்கின் உள்பக்கம் சில்வர் பேனாவால் தங்கள் மெஷின் நம்பரை எழுதுவார்கள். தையல் பிசகினால் யார் கை என்று தெரிய வேண்டுமே. அந்த ஜோடியில் 14 என்று இருந்தது. தனத்தின் நம்பர்.

மூன்றாவது வாரம் நானே பேச்சுக் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரர் முனுசாமிக்குச் சர்க்கரை. இருபது வருஷமாக ஃபேக்டரியில் ஷூவைக் கால் வடிவ அச்சில் ஏற்றி இழுக்கிற வேலை, காலில் மட்டும் ரப்பர் செருப்பு. செருப்புப் போடாதே, மூடின ஷூவாக மெத்தென்று போடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். விலை ஆயிரத்து அறுநூறு. அவளுக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் என் வாய் அந்த வார்த்தையைச் சொன்னது. "வெய்ட் பண்ணு தனம். ஆடித் தள்ளுபடி வருது. நாப்பது பர்சன்ட் போடுவோம்."

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைக்கிற எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை அது. நாம் ஒட்டப்போகிற சீட்டு என்ன சீட்டு என்று வாய்க்கு ஞாபகம் வரவில்லை. பழகின வாய். மூன்று வாரம் கழித்து அந்த ஜோடிக்கு இரண்டாயிரத்து எழுநூறு என்று ஒட்டியதும் நான்தான். தனம் அப்போதும் என் நினைப்பிலேயே இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3. ஆடி முதல் ஞாயிறு

தள்ளுபடி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை தனம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கென்று மல்லிகைப்பூ ஒரு முழம் கொண்டுவந்திருந்தாள், நல்ல யோசனை சொன்னேனாம். சீட்டைப் பார்த்தாள். வேறு ஜோடியோ என்று நாக்கைப் புரட்டினாள். 14 இருந்தது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். நானும் மனசுக்குள் போட்டேன். நாற்பது பர்சன்ட் போக ஆயிரத்து அறுநூற்று இருபது. முன்பைவிட இருபது ரூபாய் ஜாஸ்தி.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "நீங்கதானக்கா வெய்ட் பண்ணச் சொன்னீங்க?"

முனுசாமிதான் பேச்சை மாற்றினார். "விடு தனம். இருவது ரூபாய்ல இன்னா ஆய்டப்போவுது? போட்டுப் பாக்கலாம்" என்று காலை நீட்டினார்.

குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலில் கட்டு. பத்து நாளைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடக்கும்போது செருப்பைத் தாண்டிக் கல் குத்திவிட்டதாம். அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். கட்டோடு ஷூ ஏறவில்லை. மனுஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பரவாயில்லைம்மா, ஆறினதும் வந்து போட்டுக்கிறேன் என்கிறார்.

ஷூவை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனேன். பழைய விலையிலிருந்தே நாற்பது பர்சன்ட் கழித்துப் பில் போடச் சொன்னேன். ஒருத்தருக்குக் கொடுத்தால் ஆம்பூரே வந்து நிற்கும், இங்கே எல்லாரும் தைத்தவர்கள்தான் என்றார். தைத்தவர்களிடமே நாம் இப்படிச் செய்கிறோமே என்றேன். அவர் முன்னாலேயே சீட்டை நகத்தால் சுரண்டினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. தன் அறைக் கண்ணாடி வழியாக அந்தக் கட்டுப் போட்ட காலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பில்லை எழுதினார். அவரும் கல் இல்லை.

4. பஞ்சு

பணத்தைக் கொடுத்துவிட்டு, கால் கட்டைப் பிரித்த பிறகு எடுத்துக்கொள்வதாக ஷூவை என்னிடமே விட்டுப்போனார்கள். கார்த்திகையில்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் முனுசாமியின் சுண்டுவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள். தள்ளுபடிக்காக அந்த ஐந்து வாரம் காத்திருந்ததால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. தனமும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

விரல் இருந்த இடத்துக்கு மெல்லிய தோலில் பஞ்சு வைத்து ஒரு சின்னத் திண்டு தைத்துக் கொண்டுவந்திருந்தாள் தனம். அதை ஷூவுக்குள் வைத்து, நானே போட்டுவிட்டேன். முனுசாமி கடைக்குள் நாலு நடை நடந்து பார்த்தார். ஆயிரக்கணக்கில் ஷூவை அச்சில் ஏற்றின மனுஷன், தன் காலில் ஏற்றிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. "உன் தையல் கடிக்கல தனம்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஆடிக்கு ஸ்டிக்கர் கன்னை முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன். சீட்டு ஒட்ட இப்போது வேறு ஆள் இருக்கிறது. விலை ஏறுவது நிற்கவில்லை. நானும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன், பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் யாராவது ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால், கிட்டே போய்ச் சொல்கிறேன்: "தேவைன்னா இன்னிக்கே எடுத்துக்கோங்க. ஆடியில கம்மியாவாது." நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் கழித்து உனக்கு இப்போதுதான் வியாபாரம் பிடிபட்டிருக்கிறது என்று பாராட்டினார்.

அவருக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் அதை நான் தனத்திடம்தான் சொல்கிறேன்.