விடை கேட்கப் போன கெலேரா

இடக்கை நெவிலின் கன்னத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க, கெலேராவின் வலக்கை சவரக்கத்தியை இறக்கிக்கொண்டிருந்தது. எண்பது தாண்டிய தோல் வெங்காயச் சருகு மாதிரி. இழுத்துப் பிடிக்காமல் கத்தி வைத்தால் ரத்தம்தான்.

"மெதுவாம்மா. நான் ஒண்ணும் செம்மறியாடு இல்ல" என்றார் நெவில். ஆயுள் முழுக்க ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவர்.

"ஆடா இருந்தா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கும்."

கிழவர் சிரித்தார். கெலேரா கத்தியைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். சிரிக்கிற முகத்தில் சவரம் செய்யக் கூடாது.

பிஜியில் லம்பாசா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாக இருபது வருஷம் உழைத்தவள் அவள். புருஷன் போன பிறகு, இரண்டு பெண்களின் படிப்புக்காக, தீவுத் தொழிலாளர் திட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, இந்த ஆற்றங்கரை ஊரின் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். வேலை அவளுக்குப் புதிதல்ல. வீசாதான் புதிது. அந்த வீசாவில் இந்த ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை பார்க்கலாம். அரசு அனுமதி இல்லாமல் விட்டுப் போனால் 'ஓடிப்போனவள்' என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் நாட்டில் இருப்பதே குற்றம்.

இது மேலாளர் ரோண்டாவுக்கு நன்றாகத் தெரியும். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆளைக் கெலேரா ஒருத்தியாகத் தூக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டபோது ரோண்டா சொன்னது ஒரே வார்த்தை: "வீசா ஞாபகம் இருக்கட்டும்." லீவு கேட்டாலும் அதே பதில். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கெலேராவுக்கு வீசா.

கூட வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருந்த பிஜிக்காரி மெரேயோனிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்து ஊரில் தேவாலயத்தார் நடத்தும் இல்லம் கெலேராவை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. தொழிற்சங்கத்து அம்மாள் அரசுக்கு மனுவும் போட்டுவிட்டார். "அனுமதி வர்ற வரைக்கும் வாயத் திறக்காத. ஒரு ஷிப்டக்கூட விடாத" என்று இரண்டு முறை சொன்னார்.

கெலேரா வாயைத் திறந்துவிட்டாள்.

அவள் ஊரில், சோறு தின்ற வீட்டை விட்டுச் சொல்லாமல் கிளம்புகிறவன் திருடன். தலைவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் காவாச் செடியின் வேர்க்கட்டை வைத்து விடை கேட்க வேண்டும். கொஞ்சம் முன்கூட்டியே கேட்டால் அது கூடுதல் மரியாதை. ரோண்டா எப்படிப்பட்டவளாக இருந்தாலும் அந்த வீட்டின் தலைவி அல்லவா?

சவரம் முடித்து, ஷிப்டும் முடிந்த பிறகு, அலுவலகத்துக் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் நகர்த்தி, ஊர் வழக்கப்படி உள்ளங்கையைக் குவித்துத் தட்டினாள்.

"நான் போற நாள் வரும்போது, மனசுல குறை இல்லாம அனுப்பி வைக்கணும்."

"அடடே! எங்க போற?" ரோண்டாவின் குரலில் தேன் சொட்டியது.

கெலேரா எல்லாவற்றையும் சொன்னாள். ரோண்டா வேர்க்கட்டை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

சாயங்காலம் கெலேராவின் போனில் இல்லத்திலிருந்து செய்தி வந்தது. 'நீங்கள் வேலையை விட்டு விலகிவிட்டதைக் குடிவரவுத் துறைக்கு அறிவித்துவிட்டோம்.'

மெரேயோனி அதைப் படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். அவள் ஊருக்கும் கெலேராவின் ஊருக்கும் கேலி முறை உண்டு. என்ன வைதாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஏ கிழவி! கோழி போயி நரிகிட்ட உத்தரவு கேட்டுச்சாம். அதுக்கு வேர்க்கட்டு வேற கொண்டு போனியா? மொளகாய்ப் பொடி கொண்டு போயி அவ கண்ணுல தூவியிருக்கலாம்ல?"

"எங்க ஊருல ஆளுங்க பழக்கவழக்கம் தெரிஞ்சவங்க. உங்க ஊருல மீன்கூடத் திருட்டு மீன்."

சொன்னாளே தவிர, கெலேராவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் இடுப்பு வலியை விழுங்கினாள், லீவு இல்லாததை விழுங்கினாள். இது தொண்டையில் இறங்கவில்லை.

"நான் கால மடிச்சுத் தரையில உட்கார்ந்தேன், மெரே. மேல இருந்து சிரிச்சுக்கிட்டே வாங்கினா. என் மரியாதையத் திரிச்சு என் கழுத்துக்கே கயிறு போட்டிருக்கா."

"இப்ப என்ன பண்ணப் போற? அழப் போறியா?"

"அந்தம்மாவுக்குப் போன் போடு."

தொழிற்சங்கத்து அம்மாள் முதலில் பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்: "நாளைக்கு உன் ஷிப்டு இருக்குல்ல? போ. உள்ள விடலன்னா வாசல்லயே இரு. நீ வேலைய விடலைங்கிறத நாலு பேர் பார்க்கணும்."

மறுநாள் காலை கெலேரா சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறக்க அவளுக்குத் தந்திருந்த எண் வேலை செய்யவில்லை. மெரேயோனியும் மற்றப் பெண்களும் தங்கள் எண்ணை அழுத்தி உள்ளே போக, அவள் மணியை அடித்தாள். கதவிடுக்கில் ரோண்டா தலையை நீட்டினாள்.

"நீதான் வேலைய விட்டுட்டியே."

"விடல. விடை கேட்டேன். கேட்கிறது வேற, போறது வேற. வேலை குடுங்க."

"கிளம்பு. இல்லன்னா போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வேலைக்கு வந்தவள வெரட்டினீங்கன்னு அவங்க எழுதிக்கட்டும். இல்ல, நீங்களே எழுதிக் குடுங்க. 'கெலேராவ நான்தான் அனுப்பிட்டேன்'னு. ஒரு வரி போதும்."

உள்ளே தாழ்வாரத்தில் மெரேயோனி போனை உயர்த்திப் படமெடுப்பதை ரோண்டா பார்த்துவிட்டாள். எழுதியும் தரவில்லை, போலீசையும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

கெலேரா ஓரத்தில் கிடந்த பெஞ்சைச் சிமெண்டுத் தரை கீச்சிட இழுத்து வந்து, வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். குடிவரவுத் துறைக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. மறுபடி ஓடியது. அவள் வைக்கவில்லை. கடைசியில் ஓர் ஆளின் குரல் வந்தது.

"என் பேரு கெலேரா. நான் ஓடிப்போயிட்டதா உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. நான் என் வேலை வாசல்ல, யூனிஃபார்மோட உட்கார்ந்திருக்கேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க. எழுதிக்குங்க. எழுதினதத் திருப்பி எனக்குப் படிச்சுக் காட்டுங்க."