காற்றடித்த கதவு

இந்த ஊரில் கதவுக்குக்கூடக் காற்றடிக்கிறார்கள். எங்கள் ஊர் குன்னத்தில் இருப்பவர்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் டயர் கடைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தானே கட்டிய சின்ன விமானத்தைப் பழுது பார்க்க வெள்ளிக்கிழமை என்னைப் பாலைவன ஓடுதளத்துக்குக் கூட்டிப்போனார். விமானக் கதவின் நிலையைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாய். கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போட்டால் அது உப்பி இடுக்கையெல்லாம் அடைக்கும். அதில்தான் ஓட்டை.

பெரம்பலூரில் டிராக்டர் டியூபுக்கு ஒட்டுப் போட்ட கை சும்மா இருக்குமா? கனமான ஒட்டு ஒன்றை வைத்து அழுத்தினேன். காற்றுக் கசிவு நின்றது, ஆனால் அந்த இடம் மட்டும் உப்பவில்லை. "டூ ஸ்ட்ராங்" என்றார். பாராட்டுகிறாராக்கும் என்று "தேங்க்யூ சார்" என்றேன். அவர் தலையிலடித்துக்கொண்டு மெல்லிய ரப்பரை நீட்டினார். சுரண்டியெடுத்து மறுபடி ஒட்டினேன்.

அதற்குள் போன் பேசும் நேரம் வந்துவிட்டது. குன்னம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் என் மனைவி செல்வி மகளோடு காத்திருப்பாள். மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். முதலாளி லீவு இல்லையென்று சொல்லிவிட்டார். போன வாரமே செல்வியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். தங்கியிருக்கும் அறையில் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கையில் அழவா முடியும்?

நான் தவிப்பதைப் பார்த்த வெள்ளைக்காரர் தன் செல்போனைக் கொடுத்து, என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். ஸ்விட்சைப் போட்டேன். ரப்பர் உப்பியது, வெளியே அடித்த காற்றின் சத்தம் அப்படியே நின்றது. வந்த நாளிலிருந்து இப்படியோர் அமைதி எனக்கு வாய்த்ததில்லை. நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, ஒரு சத்தத்தையும் காணோம்? ஆஸ்பத்திரியா?" செல்வி பதறினாள்.

"சேச்சே. பிளேன்ல உக்காந்திருக்கேன் புள்ள."

ஐயோ, இந்த வாயை என்ன செய்வது!

"கெளம்பிட்டீங்களா! சொல்லவே இல்ல பாத்தீங்களா! ஏ காவியா, அப்பா பிளேன் ஏறிட்டாங்கடி!"

அந்த அமைதியில் அவள் சந்தோஷத்தைக் கேட்க முடியவில்லை. ஸ்விட்சை அணைத்தேன். ரப்பர் சுருங்க, இடுக்கு வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு நுழைந்தது.

"அப்பா, பறக்குதா?" காவியாவின் குரல்.

"அம்மாட்ட குடும்மா... செல்வி, இது வேற பிளேனு. கயித்துல கட்டிப் போட்டிருக்கு. எனக்கு லீவு குடுக்கல. காதுகுத்த நீங்களே நடத்திடுங்க."

அவள் போனை வைக்கவில்லை. ஒரு காதில் அரியலூர் பஸ்ஸின் ஹாரன், மறு காதில் பாலைவனக் காற்று. வெளியே வெள்ளைக்காரர் கட்டைவிரலை உயர்த்தி, சரியா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். காற்று நின்றது. அவள் அழுவது நன்றாகக் கேட்டது.