குடிக்காதவர் போட இருந்த கையெழுத்து

போன வாரம் நான் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பயப்படாதீர்கள்... என் மேல் குற்றம் இல்லை. பக்கத்தில் நின்றவர் மேல்தான் — குடித்துவிட்டுக் கார் ஓட்டினாராம். அதுவும் நோன்பு மாதத்தில், பட்டப்பகலில்.

அவர் மீராலெவ்வை காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்). இருபது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். சோடா குடித்தால் ஏப்பம் வருகிறது என்று அதையும் விட்டவர்.

அக்கரைப்பற்றில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு அவருடைய காரில் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருவரும் நோன்பு. அறுவடைக் காலம் வேறு. ஒலுவில் தாண்டியதிலிருந்து தார் ரோட்டில் நெல் காய்கிறது — இந்தப் பக்கம் பத்து யார் தூரம், அடுத்து அந்தப் பக்கம் பத்து யார் தூரம். காயப்போட்ட நெல்லில் நம் பகுதி டிரைவர் எவராவது சில்லை ஏற்றுவாரா? காக்கா வளைத்து வளைத்து ஓட்டி வந்தார்.

வழியில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) புதுக் கான்ஸ்டபிள் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். மாற்றலாகி வந்து நாலு நாள்தான். வளைந்து வந்த கார், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிச் சிவந்த கண், இறங்கும்போது பசிக் களைப்பில் ஒரு தள்ளாட்டம், காலையிலிருந்து காய்ந்த வாயின் வாடை... எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

நோன்பு என்று சொன்னோம். "எல்லாரும் அப்படித்தான் சொல்றது" என்றார். நெல்லைப் பற்றிச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ரோட்டில் நெல் கிடந்தால் வளைப்பதுதானே? அதை ஒரு காரணம் என்று யார் நினைப்பார்?

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன்ட் கோபக்காரர் இல்லை. நன்றாகத் தமிழ் கதைத்தார். ஒரு தாளில் இங்கிலீஷில் நாலு வரி எழுதி நீட்டினார்.

"ஒரு சைன் வச்சிட்டுப் போங்க. கோட்டில சின்னதாக் குற்றப் பணம் கட்டினா முடிஞ்சுது. இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் டொக்டருக்குக் காட்ட வேணும்."

காக்கா பேனையை வாங்கிவிட்டார்.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. வீட்டுக் கஞ்சி கண்ணுக்குள் நின்றது. ஆனால் பிள்ளைகளின் கொப்பி திருத்தித் திருத்திக் கெட்டுப்போன கண் இது... எழுத்தைக் கண்டால் சும்மா விடாது. வாசித்தேன். மது அருந்தியிருந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது.

"காக்கா, நீங்க குடிச்ச எண்டு எழுதியிருக்கு."

"விளங்குது மாஸ்டர்."

"விளங்கியுமா சைன் வைக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார். "ஆஸ்பத்திரி கடைத்தெருவுக்கு அங்கால. பொலிஸ்காரரோட நடந்து போகணும். பின்னேர அஸர் தொழுதிட்டுச் சனமெல்லாம் கடைக்கு வாற நேரம். பெருநாள் கழிஞ்சா மகள்ட கலியாணம். மாப்பிள்ளை வீட்டாக்கள் கேள்விப்பட்டா என்ன செய்ற? இதில வச்சிட்டா ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சிரும்."

யோசித்துப் பாருங்கள். குடிக்காத மனிதர் குடித்தேன் என்று கையெழுத்திடப் போகிறார் — குடித்தார் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானத்துக்குப் பயந்தவரை மடக்குவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

"கோட்டில பேர் கூப்பிடுறதைக் கேட்டிருக்கிறீங்களா காக்கா?" என்றேன். "வாசல்ல நிண்டு மூணு தரம் கூப்பிடுவாங்க. என்ன குற்றம் எண்டும் வாசிப்பாங்க. லைசென்ஸ் போனா அதுவும் ஊருக்குத் தெரியும். கடைத்தெரு இண்டைக்கு மட்டும்தான்."

காக்கா பேனையை மூடினார். பிறகு அதை மேசையில் வைத்தார். "சேர், டொக்டர்ட்டயே போவம்."

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். இப்படிக் கேட்டவர்கள் அதிகம் இல்லை போலும். "ஓம், அது உங்கட உரிமைதான்" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்... நாமும் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அதே கான்ஸ்டபிள் கூட வர, கடைத்தெருவில் நடந்தோம். ஒரு கடைக்காரர், "என்ன காக்கா, ஆருக்குச் சுகமில்ல?" என்று கேட்டார். காக்கா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இன்னொருவர் கேட்டார். காக்கா நடையை எட்டிப் போட்டார். மூன்றாவது ஆள் கேட்டதும் நின்றுவிட்டார்.

"நான் குடிச்சிருக்கனாம். இல்லையெண்டு எழுதி வாங்கப் போறன்" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நடந்த நடையில் தள்ளாட்டம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது எங்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

டொக்டர் கண்ணைப் பார்த்தார். ஊதச் சொன்னார். நேராக நடக்கவிட்டார். "கடைசியா எப்ப, என்ன குடிச்சீங்க?"

"சஹருக்கு, ஒரு பிளேன்டீ."

டொக்டர் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னத்தைக் கண்டு பிடிச்சீங்க?"

"கார் வளைஞ்சு வளைஞ்சு வந்தது, சேர்."

"ரோட்டில நெல் காயுதா?"

"ஓம், சேர்."

"அப்ப வளையாம அந்த மனிசன் என்ன செய்ற?"

டொக்டர், காக்கா குடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அந்தத் தாளைக் காக்கா சட்டைப் பைக்குள் வைத்த நேரம் பள்ளியில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் எங்கிருந்தோ பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு வந்தார். கான்ஸ்டபிள் ஓரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காக்கா ஒரு பழத்தை அவரிடம் நீட்டினார். "தின்னுங்க தம்பி. ஊருக்குப் புதுசுதானே." பாவம், அவர் அதை வாங்கவே கூச்சப்பட்டார்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவருக்காக நான் ஒரு வரி எழுத மாட்டேன். குடிக்காதவருக்குச் சொல்கிறேன்: விளங்காத பாஷையில் எழுதிய தாளைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பொய் இருந்தால் பேனையைத் தொடாதீர்கள். டொக்டரைக் கேளுங்கள். கடைத்தெரு நீளம்தான், ஆனால் நடந்தால் முடிந்துவிடுகிறது.

நேற்று மறுபடியும் காக்காவின் காரில், நெல் காயும் அதே வழியாக வந்தேன். அதே கான்ஸ்டபிள் ஒரு லொறியை மறித்து வைத்திருந்தார். என்ன குற்றம் என்று காரை நிறுத்திக் கேட்டேன்.

நேராக வந்ததாம்.